241ஆவது மாதம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு திருமணம் எத்தனை மாதம் நீடித்தது என்று நீதிமன்றம் கணக்கிட இரண்டு தேதிகள் போதும். சட்டப்படி திருமணம் நடந்த தேதி ஒன்று. விவாகரத்து மனுவின் நகல் எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்த தேதி இன்னொன்று. இடையில் உள்ள மாதங்களை எண்ணி ஒரு சதவீதத்தால் பெருக்கினால், பிரிந்த துணைக்கு ஜீவனாம்சம் அதிகபட்சம் எத்தனை மாதம் என்பது தெரிந்துவிடும். 5 ஆண்டுகள் வரை நீடித்த திருமணத்துக்கு மாதங்களில் பாதி. 10 ஆண்டுகள் வரை என்றால் 60 சதவீதம், 15 வரை 70, 20 வரை 80. ஒன்பது வருடம் இரண்டு மாதம் வாழ்ந்து பிரிந்த தம்பதிக்குக் கணக்கு 110 மாதம். அதில் 60 சதவீதம் 66 மாதம். ஐந்தரை வருடம் முடிந்ததும் பணம் நிற்கும்.

சரியாக 20 வருடம் நீடித்த திருமணம் 240 மாதம். 80 சதவீதம் போட்டால் 192 மாதம், அதாவது 16 வருடம். அதே திருமணம் இன்னும் ஒரு மாதம் நீண்டு 241ஆவது மாதத்துக்குள் நுழைந்துவிட்டால், மாதக் கணக்கில் வரம்பே கிடையாது. முடிவு தேதி குறிக்காமலேயே நீதிபதி உத்தரவு போடலாம். கொடுப்பவர் ஓய்வு பெறும் வயதை எட்டும்போது, அல்லது பெறுபவர் மறுமணம் செய்யும்போது அது முடியும். மனுவின் நகலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் சில நாள் முன்னே போனாரா பின்னே போனாரா என்பதைப் பொறுத்து இரண்டு பேருடைய முதுமையே மாறிவிடுகிறது. இந்தச் சட்டம் 2011இல் கையெழுத்தாகி, 2012 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

நம் ஊரில் ஜீவனாம்ச வழக்கு என்றதும் எழும் முதல் கேள்வி, மாசம் எவ்வளவு என்பது. குடும்ப நல நீதிமன்றத்தில் எம்.சி. எனப்படும் ஜீவனாம்ச மனுவைப் போட்டுவிட்டு வராந்தாவில் காத்திருப்பவர்களும், அவர்களுக்கு அடுத்த வாய்தா தேதியைச் சொல்லும் ஜூனியர் வக்கீல்களும் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். எதுவரை என்று கேட்பவர்கள் குறைவு. தொகையைத் தீர்மானிக்கக் கணவனின் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் ஓரளவு போதும். காலத்தைத் தீர்மானிக்க அந்தத் திருமணம் ஒருவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, அது திரும்பக் கிடைக்க எத்தனை நாளாகும் என்று கேட்டாக வேண்டும். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய விதம் வியப்பூட்டுகிறது. சில இடங்களில் கோபமும் வருகிறது.

முதலில், ஆயுள் முழுக்க ஜீவனாம்சம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1857 வரை இங்கிலாந்தில் திருமண வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்தன. முறையாக நடந்த திருமணத்தை உடைக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. கணவன் கொடுமைக்காரன் என்றோ வேறொருத்தியோடு உறவு வைத்திருந்தான் என்றோ நிரூபணமானால், இருவரும் தனித்தனியே வாழலாம் என்று அனுமதி கொடுப்பார்கள், அத்தோடு சரி. தனியே வாழ்ந்தாலும் அவள் அவனுடைய மனைவிதான், மறுமணம் செய்ய முடியாது. அன்றைய சட்டப்படி அவளுடைய அசையும் சொத்தும் சம்பாத்தியமும் கணவனைச் சேர்ந்தவை. கையில் காசும் இல்லாமல் வேறு வாழ்க்கைக்கு வழியும் இல்லாமல் நிற்கும் பெண்ணுக்குச் சோறு போட வேண்டியது யார்? அவளுடைய சொத்தை வைத்திருப்பவன்தான். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. திருமணமே உடையாதபோது அந்தக் கடமை மட்டும் எப்படி உடையும்?

1857இல் வந்த சட்டம், திருமணத்தை முறிக்கும் அதிகாரத்தை முதல்முறையாக ஒரு சிவில் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. திருமணம் முறிந்தால் அதிலிருந்து பிறந்த கடமையும் முறிய வேண்டும் என்பது தர்க்கம். சட்டம் அப்படிச் செய்யவில்லை. மனைவிக்கு அவளுடைய ஆயுளுக்கு மேற்படாத எந்தக் காலத்துக்கும் பணம் கொடுக்கச் சொல்லலாம் என்று ஒரு பிரிவை வைத்தது. அந்த வாசகம் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. இந்தியக் கிறித்தவர்களுக்காக 1869இல் இயற்றப்பட்ட விவாகரத்துச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் அது இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், 25ஆம் பிரிவில், மனுதாரரின் ஆயுளுக்கு மேற்படாத காலம் என்று மறுபடி வருகிறது. கணவனும் கேட்கலாம் என்பது அதில் சேர்ந்த மாற்றம். மணமான பெண்ணுக்குச் சொத்துரிமையே இல்லாத ஒரு நாட்டில், உடைக்கவே முடியாத ஒரு திருமணத்துக்காக உருவான கால அளவு, சொத்துரிமையும் மறுமண உரிமையும் கொடுத்த ஒரு குடியரசின் சட்டப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்று அதற்கு வேறு நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தை நாம் தனியாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடல் அமெரிக்காவில் 1970களில் சூடுபிடித்தது. கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த ரொனால்ட் ரேகன் 1969இல் கையெழுத்திட்ட சட்டம் 1970 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. அதன்படி யார்மீது குற்றம் என்று நிரூபிக்காமலேயே விவாகரத்து பெறலாம். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அதுவரை ஜீவனாம்சம் பாதி அளவுக்குத் தண்டனையாகவே இருந்தது. தவறு செய்தவன் ஆயுள் முழுக்கக் கொடுக்கட்டும் என்ற மனநிலை. குற்றம் என்ற ஆணியே பிடுங்கப்பட்டதும் அதில் தொங்கிய ஆயுள் கணக்கும் ஆட்டம் கண்டது. பிரிந்த மனைவி ஒரு தொழில் படிப்பு படிக்கட்டும், வேலை தேடட்டும், இரண்டு மூன்று வருடத்தில் சொந்தக் காலில் நின்றுவிடுவாள் என்று நீதிபதிகள் நம்பத் தொடங்கினார்கள். மறுவாழ்வுக்கான ஜீவனாம்சம் என்ற வகை அப்படிப் பரவியது. மாசசூசெட்ஸ் சட்டத்திலும் அது தனி வகையாக இருக்கிறது. அதற்கு வரம்பு 5 வருடம்.

சொந்தக் காலில் நின்றார்களா? லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியலாளர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் விவாகரத்து பெற்ற 228 ஆண் பெண்களை 1978இல் நேரில் சந்தித்துப் பேசினார். 1985இல் வெளியான அவரது புத்தகத்தில் ஒரு கண்டுபிடிப்பு இடிபோல் இறங்கியது. விவாகரத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் பெண்களின் வாழ்க்கைத்தரம் 73 சதவீதம் சரிகிறது. ஆண்களுடையது 42 சதவீதம் உயர்கிறது. செய்தித்தாள்கள், சட்ட ஆய்விதழ்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று எல்லா இடத்திலும் இந்த இரண்டு எண்களும் மேற்கோளாகின.

கணக்கு தவறு. ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற ஆய்வாளர் வைட்ஸ்மனின் மூலத் தரவுகளையே வாங்கி, காகித ஆவணங்களோடு ஒப்பிட்டு, அதே முறையில் மறுபடி கணக்குப் போட்டார். 1996இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த அவருடைய விடை: பெண்களுக்குச் சரிவு 27 சதவீதம், ஆண்களுக்கு உயர்வு 10 சதவீதம். வைட்ஸ்மனும் தம் எண்களில் பிழை இருப்பதை ஏற்றுக்கொண்டார். பதினொரு வருடம் ஒரு தப்புக் கணக்கு ஒரு நாட்டின் குடும்பச் சட்ட விவாதத்தையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், பெண்களின் நிலை அவ்வளவு மோசமில்லை என்ற தொனியில். திருத்திய எண்களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டிலிருந்து வெளியே வந்த இரண்டு பேரில் ஒருவர் 27 சதவீதம் கீழே போகிறார், மற்றவர் 10 சதவீதம் மேலே போகிறார். அளவு மாறியதே தவிர திசை மாறவில்லை. பிரிவு இருவரையும் சமமாக அடிப்பதில்லை என்பது பிழை நீக்கிய பிறகும் நிற்கிறது.

ஏன் அப்படி? குடும்பத்தைப் பொருளியல் கண்ணால் ஆராய்ந்த கேரி பெக்கர் 1981இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஒருவர் வெளியே சம்பாதிப்பதிலும் மற்றவர் வீட்டைப் பார்ப்பதிலும் கைதேர்ந்தால், இருவரும் எல்லாவற்றையும் பாதிப் பாதி செய்வதைவிடக் குடும்பத்துக்குக் கூடுதல் லாபம். சேர்ந்திருக்கும்வரை அந்த லாபம் பொது. பிரியும் நாளில்தான் வித்தியாசம் தெரிகிறது. சம்பாதிக்கும் திறமையை அதற்கு உரியவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வீட்டைப் பார்த்த திறமைக்கு வெளியே யாரும் அதே விலை கொடுப்பதில்லை.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் 2005இல் கணக்கெழுதிக்கொண்டிருந்த பி.காம். பட்டதாரி ஒருவர். தமிழ்நாடு பொது விற்பனை வரிப் படிவங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பக்கூடியவர். 2006இல் திருமணம், வேலையை விட்டார். 2007 ஜனவரி 1இல் அந்த வரி போய் வாட் வந்தது. 2017 ஜூலை 1இல் வாட் போய் ஜிஎஸ்டி வந்தது. 2022இல் மணமுறிவு ஆகி, 41 வயதில் மறுபடி வேலை கேட்டுப் போகிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் 23 வயதுப் பையன் ஜிஎஸ்டிஆர்-1, இ-இன்வாய்ஸ், உள்ளீட்டு வரி வரவு என்று பேசுகிறான். அவரிடம் இருந்த அறிவு பொய்யானதல்ல. அது பொருந்தும் சட்டம்தான் இல்லாமல் போயிற்று.

இவர் இழந்ததில் இரண்டு வகை உண்டு. ஜிஎஸ்டியைக் கற்றுக்கொள்ள ஆறு மாதப் பயிற்சி போதும்; கை பழக இன்னும் ஒரு வருடம். இது மீளக்கூடிய இழப்பு. 2006இலிருந்து வேலையிலேயே இருந்திருந்தால் 2022இல் தலைமைக் கணக்காளராக இருந்திருப்பார். 16 வருட சம்பள உயர்வும் வருங்கால வைப்பு நிதியும் இருந்திருக்கும். எந்தப் பயிற்சியும் அதைத் திருப்பித் தராது. மீளக்கூடிய இழப்புக்குக் கால வரம்பு போடுவது நியாயம், தேவையும்கூட. மீளாத இழப்புக்கு மூன்று வருடம் ஐந்து வருடம் என்று வரம்பு போட்டால், அந்த வரம்பு எதை அளக்கிறது? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்தச் சட்டமும், வரம்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும், தவறான இடத்தில் கைவைக்கிறது என்பதே என் கருத்து.

நம் அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில், மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்களுக்கும் விதவைகளுக்கும் வயது வரம்பு 35 வரை தளர்த்தப்படுகிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 40. இழந்த வருடங்களுக்கு ஈடு என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது. நம் கணக்காளருக்கு 41.

கனடா இதை எண்களாகவே எழுதிப் பார்த்தது. கரோல் ராஜர்சன், ரோலி தாம்ப்சன் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் வகுத்த ஆலோசனை வழிகாட்டி 2008இல் இறுதி வடிவம் பெற்றது. அது சட்டமில்லை, ஆனாலும் நீதிபதிகளும் வக்கீல்களும் அன்றாடம் எடுத்தாள்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத தம்பதிக்குத் திருமணத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை வருடம் முதல் ஒரு வருடம் வரை ஜீவனாம்சம். 20 வருடமோ அதற்கு மேலோ ஆனால் காலம் குறிப்பதில்லை. இதுவரை மாசசூசெட்ஸ் மாதிரிதான். இதற்குப் பக்கத்தில் இன்னொரு விதி இருக்கிறது: திருமணம் குறைந்தது 5 வருடம் நீடித்திருந்து, அந்த வருடங்களையும் பிரியும்போது பெறுபவரின் வயதையும் கூட்டினால் 65 அல்லது அதற்கு மேல் வருமானால், அப்போதும் காலம் குறிக்க வேண்டாம்.

கூட்டிப் பாருங்கள். 15 வருடம் வாழ்ந்து 35 வயதில் பிரிபவருக்கு 50. ஆகவே ஏழரை முதல் 15 வருடம் வரை. அதே 15 வருடம் வாழ்ந்து 50 வயதில் பிரிபவருக்கு 65. முடிவு தேதி இல்லை. திருமணத்தின் நீளம் ஒன்றே. வெளியே வந்து நிற்கும்போது முன்னால் எத்தனை உழைப்பு வருடங்கள் மிச்சம் என்பது வேறு. இரண்டு எண்களைக் கூட்டும் இந்த விதியை வாசித்தபோது, குடும்பச் சட்டத்தில் இவ்வளவு எளிமையாக இவ்வளவு சரியாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார்களே என்று தோன்றியது.

நெதர்லாந்தின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. அங்கே 1994 முதல் பொது வரம்பு 12 வருடமாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் திருமண காலத்தில் பாதி, அதிலும் அதிகபட்சம் 5 வருடம் என்று வெட்டிவிட்டார்கள். ஆனால் வெட்டியவர்களே விதிவிலக்குகளை வைக்க வேண்டியிருந்தது. சின்னக் குழந்தைகள் இருந்தால் கடைக்குட்டிக்கு 12 வயதாகும்வரை. 15 வருடத்துக்கு மேல் வாழ்ந்து, அரசு ஓய்வூதிய வயதுக்கு 10 வருடத்துக்குள் இருப்பவருக்கு அந்த வயது வரும்வரை. 1970 ஜனவரி 1 அல்லது அதற்கு முன் பிறந்து 15 வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்களுக்கு 10 வருடம். பெண்கள் வீட்டிலிருப்பதே வழக்கம் என்று வளர்க்கப்பட்ட தலைமுறையை அதற்காகவே தண்டிக்கக்கூடாது என்ற கரிசனம் அந்தப் பிறந்த தேதியில் தெரிகிறது. ஜெர்மனி 2008இல் அவரவர் பிழைப்பு அவரவர் பொறுப்பு என்று சட்டத்தைத் திருத்தியது. நீண்ட காலம் இல்லத்தரசிகளாக இருந்தவர்களின் ஜீவனாம்சத்தை நீதிமன்றங்கள் கடுமையாகக் குறைத்தன. 2013 மார்ச்சில் திருமணத்தின் நீளத்தையும் கணக்கில் எடு என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. புளோரிடா 2023 ஜூலை 1 முதல் ஆயுள் ஜீவனாம்சத்தையே ஒழித்துவிட்டது. 20 வருடம் தாண்டிய திருமணத்துக்கும் இப்போது அங்கே 75 சதவீத வரம்பு உண்டு.

இனி இந்தியா. இங்கே உலகின் மிகக் குறுகிய வரம்புகளில் ஒன்று சட்டமாகி, பிறகு ஒரு வாக்கியத்தை வாசிக்கும் விதத்தால் உலகின் மிக நீண்டவற்றில் ஒன்றாக மாறியது.

இந்தூரில் ஷா பானு என்ற பெண்மணிக்கும் வக்கீல் முகமது அகமது கானுக்கும் 1932இல் திருமணம். ஐந்து பிள்ளைகள். 1975இல் ஷா பானு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில், 62 வயதில், மாதம் 500 ரூபாய் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டார். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அனுமதித்த உச்சத் தொகை அதுதான். அந்த ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி கணவர் தலாக் சொன்னார். 1979 ஆகஸ்டில் மாஜிஸ்திரேட் விதித்தது மாதம் 25 ரூபாய். 1980இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவரின் வருட வருமானம் சுமார் 60,000 ரூபாய் என்று மனுவில் சொல்லப்பட்டிருந்தது. இத்தா காலத்துக்கு அப்பால் தனக்குக் கடமை இல்லை என்பது அவர் வாதம்.

இத்தா என்பது தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்: மூன்று மாதவிலக்குச் சுற்றுகள், மாதவிலக்கு நின்றவர்களுக்கு மூன்று சந்திர மாதங்கள், கர்ப்பிணியாக இருந்தால் குழந்தை பிறக்கும்வரை. வயிற்றில் பிள்ளை உண்டா, அதற்குத் தகப்பன் யார் என்று ஐயமறத் தெரிவதற்கான காலம் அது. உடலின் கணக்கில் பிறந்த அளவு. சந்திர மாதம் சராசரியாக இருபத்தொன்பதரை நாள். ஆக, 62 வயது ஷா பானுவுக்கு ஏறத்தாழ 89 நாள். திருமணம் முறிந்தபோது அதற்கு வயது 46. மாசசூசெட்ஸ் கணக்கில் 500 மாதத்துக்கு மேல்.

1985 ஏப்ரல் 23இல், உச்ச நீதிமன்றத்தில் ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள், 125ஆம் பிரிவு எல்லா மதத்தவருக்கும் பொது என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கெழுந்த எதிர்ப்பில் அசைந்து நாடாளுமன்றம் 1986இல் முஸ்லிம் பெண்களுக்கான தனிச் சட்டம் கொண்டுவந்தது. நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் இத்தா காலத்துக்குள் செய்து கொடுக்கப்பட வேண்டும் என்றது அதன் 3ஆம் பிரிவு. 89 நாளோடு கணவனின் கடமை முடிந்தது என்றே பலரும் வாசித்தார்கள்.

கேரள, குஜராத் உயர் நீதிமன்றங்கள் 1988இலேயே வேறு விதமாக வாசித்தன. ஷா பானுவின் வக்கீலாக இருந்த தானியல் லத்தீஃபி அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2001 செப்டம்பர் 28இல், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த வாசிப்பை உறுதி செய்தார்கள். இத்தா காலத்துக்குள் கொடு என்றால், அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் கொடு என்று பொருளில்லை. அவள் மறுமணம் செய்யும்வரை, இல்லையேல் ஆயுள் முழுமைக்கும், வேண்டிய ஏற்பாட்டை அந்த மூன்று மாதத்துக்குள் செய்து முடி என்று பொருள். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கால அளவு என்று எல்லோரும் நினைத்திருந்த 89 நாள், பணம் கொடுத்து முடிப்பதற்கான கெடுவாகிவிட்டது. சட்டம் ரத்தாகவும் இல்லை, பெண்கள் தெருவில் நிற்கவும் இல்லை. இதைவிட நேர்த்தியான சட்ட வாசிப்பை நான் அறிந்ததில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. இத்தாவுக்குப் பின்னும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெண்ணை உறவினர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களாலும் முடியாவிட்டால் வக்ஃபு வாரியம் என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. ஒவ்வொரு உறவினராக வழக்குப் போட்டுத் தோற்றுவிட்டு வா என்று அவளை அலைக்கழிக்கக்கூடாது, உறவினர்களால் முடியாது என்று காட்டி வாரியத்திடமே கேட்கலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் வழக்கில்தான். 2024 ஜூலை 10இல், தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கில், 125ஆம் பிரிவின் கதவும் விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்குத் திறந்தே இருக்கிறது என்று அந்த நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

ஆக, இன்று இந்தியாவில் பொதுவாக ஜீவனாம்சத்துக்கு மாதக் கணக்கில் வரம்பு இல்லை. மறுமணம் என்ற எல்லைதான் முக்கியமானது. 2020 நவம்பர் 4இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு இதிலும் ஒரு சின்ன அசைவைக் காட்டியது. பல திருமணங்கள் குறுகிய காலமே நீடிக்கும் இந்த நாளில், ஆயுள் முழுக்கக் கொடுக்கச் சொல்வது நியாயமாக இல்லாமல் போகலாம், திருமணத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும் என்றது. எட்டு மாதம் வாழ்ந்து, குழந்தையும் இல்லாமல், இருவரும் வேலையில் இருக்கும்போதே பிரிந்தவர்களுக்கு இது சரிதான். அந்த வரியை நம் கணக்காளரைப் போன்றவர்மீது எடுத்து வீசினால் ஜெர்மனியின் பிழை இங்கேயும் நடக்கும்.

எழுதப்பட்ட வரம்பு இல்லை என்பதால் வரம்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சட்டப் புத்தகத்தில் தலைப்பு இல்லாத இரண்டு வரம்புகள் இங்கே நாள்தோறும் வேலை செய்கின்றன.

முதலாவது விலைவாசி. ஜீவனாம்சத்துக்கு 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923இல் 100 ஆயிற்று, 1955இல் 500. பிறகு 2001 வரை, 46 வருடம், அது 500ஆகவே நின்றது. ஆயுள் முழுக்க 500 ரூபாய் என்பது பெயருக்குத்தான் ஆயுள். இப்போது உச்சவரம்பு இல்லை. என்றாலும் உயர்வு பற்றி ஒன்றும் சொல்லாத உத்தரவுகள் ஏராளம். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 12 வருடத்தில் அந்தப் பணம் பாதிச் சாமான்தான் வாங்கும். தொகையைக் கூட்டித் தரச் சொல்லி மனு போட உரிமை உண்டு. அதற்கு மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாய் விதித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியது. எல்லா நீதிமன்றங்களும் பின்பற்ற வேண்டிய வழி இது. விகிதம்தான் போதாது. 20 வருடத்தில் அந்தத் தொகை சுமார் 81,000 ஆகும். 6 சதவீத விலையேற்றத்தில் இன்று 50,000க்கு வாங்குவதை அன்று வாங்க 1,60,000 வேண்டும்.

இரண்டாவது, பாக்கி வசூல். உத்தரவு கையில் இருந்தும் பணம் வரவில்லை என்றால் அந்தப் பெண் மறுபடி நீதிமன்றம் போய் வாரண்டு கேட்க வேண்டும். வாரண்டு போட்டும் வராமல் நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. நடுவில் கட்டிவிட்டால் விடுதலை. இதையெல்லாம் கேட்க அவளுக்குள்ள கெடு, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு. அதற்குள் மனு போடாவிட்டால் அந்த மாதத்துப் பணத்துக்கு வாரண்டு கிடையாது. அடுத்த மாதம் கொடுத்துவிடுகிறேன் என்ற வாக்கை நம்பிப் பொறுத்திருந்தவர், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் அலைந்தவர், வக்கீலுக்குக் கொடுக்கக் காசு சேரட்டும் என்று காத்திருந்தவர், எல்லோருக்கும் மாதாமாதம் ஒரு தொகை இப்படிக் கழன்றுபோகிறது. கொடுக்காதவனுக்கு லாபம் அவளுடைய பொறுமைதான். ஜீவனாம்ச உத்தரவு கையில் உள்ளவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டும்: பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும், பாக்கிக்கு ஓராண்டு முடிவதற்குள் மனு போட்டுவிடுங்கள்.

2023இல் நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை முழுவதும் புதிதாக எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தில் 125ஆம் பிரிவு 144ஆம் பிரிவாகிவிட்டது. ஓராண்டுக் கெடுவை எடுத்துவிட அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது. பழைய வாசகத்தை அப்படியே புதிய எண்ணுக்குக் கீழே வைத்துவிட்டார்கள். அதை நீக்க ஒரு வரித் திருத்தம் போதும்.